ஐந்து மான்களும் ஒரு வான்கோழியும்

எங்கள் குழுவில் இருவர் சில ஆண்டுகள் அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பியவர்கள். ஒருவர் பாஸ்டன் நகருக்கு அருகில் இருந்தார், மற்றவர் ஒஹாயோவில். நவம்பர் மாதத்து நான்காம் வியாழக்கிழமையன்று, அதாவது அந்நாட்டார் கொண்டாடும் நன்றி நவிலல் நாளில், அமெரிக்க நண்பர்களின் இல்லங்களுக்கு இருவரும் விருந்துண்ணப் போனதுண்டு. ஒரு மாலைப் பேச்சில் தத்தம் அனுபவத்தை அவர்கள் சொன்னபோது, ஊரும் வீடும் வேறாயினும் ஒரு செய்தி மட்டும் ஒத்திருந்தது. விருந்து படைத்த அம்மையார் கடைசி வரை மேசையில் அமரவேயில்லை.

"இது நம் வீடுகளில் செய்தியே அன்றே" என்று எங்களுள் ஒருவர் குறுக்கிட்டார். மறுப்பதற்கில்லை. ஆயினும் உறைபெட்டியும், பாத்திரம் கழுவும் இயந்திரமும், டின்னில் அடைத்த உணவும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட நாட்டில், ஆண்டுக்கொரு முறை வரும் ஒரு விருந்து ஏன் இன்னும் ஒருத்தியின் முதுகை ஒடிக்கிறது? சிரமமின்றி இவ்விருந்தை நடத்துவது எப்படி என்று ஆண்டுதோறும் அங்கே பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றனவே, அந்தச் சிரமம்தான் எங்கிருந்து வந்தது? அக்கேள்வியைப் பின்தொடர்ந்து படித்ததில் கிடைத்தவற்றை இங்கே வாசகர் முன் வைக்கிறோம்.

முதலில் விருந்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். மேசையின் நடுவே வீற்றிருப்பது வான்கோழி. பதினைந்து பவுண்டு, நம் கணக்கில் ஏறத்தாழ ஏழு கிலோ எடையுள்ள பறவை பெரும்பாலும் உறைந்த நிலையில்தான் கடையிலிருந்து வீட்டுக்கு வரும். குளிர்பெட்டியில் வைத்து அதன் உறைவை நீக்க ஒவ்வொரு 4 முதல் 5 பவுண்டுக்கும் 24 மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் அறிவுரை. ஆக, மூன்று நான்கு நாள். ஞாயிறன்று மறந்தவர் வியாழனன்று ஒரு கல்லைத்தான் ஓவனில் ஏற்ற வேண்டியிருக்கும். வெந்ததற்கு அடையாளம் இறைச்சியின் உட்புறம் 74 டிகிரி செல்சியஸ் சூடு. தொடைப்பகுதி அந்தச் சூட்டை எட்டுவதற்குள் மார்புப்பகுதி உலர்ந்து பஞ்சாகிவிடும். இந்த ஒரு பறவை நான்கு மணி நேரம் போல ஓவனை அடைத்துக்கொண்டிருக்க, அதே ஓவனில்தான் சர்க்கரைவள்ளிக் கிழங்கும், ரொட்டித் துண்டுகளால் செய்யும் ஸ்டஃபிங் என்ற கலவையும், மாவு ஓட்டில் பூசணி விழுதை ஊற்றிச் சுடும் பை என்ற இனிப்பும் தம் முறைக்குக் காத்திருக்கும். அத்தனையும் ஒரே மணிக்குச் சூடாக மேசைக்கு வரவேண்டும். நம் இலைச் சாப்பாட்டில் பாதிக்கு மேற்பட்ட பதார்த்தங்கள் ஆறிப்போனாலும் குற்றமில்லை என்பதை இவ்விடத்தில் நன்றியுடன் நினைத்துக்கொண்டோம்.

இவ்விருந்தின் தோற்றக்கதையை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். 1620ஆம் ஆண்டு மேஃப்ளவர் கப்பலில் 102 பயணியர் இங்கிலாந்திலிருந்து வந்து பிளிமத் என்னுமிடத்தில் குடியேறினர். முதற் குளிர்காலத்திலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோர் 1621இல் முதல் அறுவடை கண்டு மகிழ்ந்து விருந்துண்டனர். இந்நிகழ்ச்சி பற்றி உடனிருந்தவர் எழுதியதாக நமக்குக் கிடைப்பது எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் தாய்நாட்டு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் உள்ள ஒருசில வரிகளே. 1622இல் அது லண்டனில் அச்சேறியது.

அவ்வரிகளில் இருப்பவை இவை: பறவை வேட்டைக்கு ஆளுநர் நால்வரை அனுப்பினார்; வாம்பனோவாக் குடிகளின் தலைவர் மாசசாயிட் தொண்ணூறு ஆடவருடன் வந்தார்; மூன்று நாள் விருந்து நடந்தது; வந்தவர்கள் காட்டுக்குள் சென்று ஐந்து மான்களை வேட்டையாடிக் கொணர்ந்து அளித்தனர். அவ்வரிகளில் இல்லாதவை: வான்கோழி, பூசணி, வந்தவர்களை யாரேனும் அழைத்தார்களா என்ற விவரம், இத்தனைக்கும் சமைத்தவர் யார் என்ற பேச்சு. அந்த இலையுதிர்காலத்தில் காட்டு வான்கோழிகள் ஏராளமாகக் கிடைத்ததாக ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்டு தம் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார் என்றாலும், விருந்தில் அவை இடம்பெற்றனவா என்று அவரும் சொல்லவில்லை.

குடியேறியவர்களுள் அப்போது உயிரோடிருந்த மணமான பெண்கள் நால்வர். அவர்களுக்கு உதவ விடலைப் பருவத்துப் பெண்களும் பணிப்பெண்களும் சிலர். உண்டவர்களோ சுமார் நூற்று நாற்பது பேர். வின்ஸ்லோவின் கடிதத்தில் எங்களை நிறுத்தி வைத்தவை அந்த ஐந்து மான்கள்தாம். ஆண்டுதோறும் அமெரிக்கக் குடும்பங்கள் நினைவுகூரும் அந்த விருந்தில், வந்தவர்கள் தங்கள் பங்கு இறைச்சியைத் தாங்களே கொண்டுவந்தனர். வெறுங்கையோடு வந்து அமர்ந்திருந்தால் அந்த நான்கு பெண்களின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இதை ஒரு நட்புக் காவியமாக நாம் பாடத் தேவையில்லை. அரை நூற்றாண்டு கழித்து இவ்விரு கூட்டத்தாரின் பிள்ளைகளும் போரிட்டனர். மாசசாயிட்டின் மகன் மெட்டாகாம் 1676 ஆகஸ்டில் கொல்லப்பட்டார். தந்தை விருந்துண்ட அதே பிளிமத்தில் மகனின் தலை கழியில் செருகப்பட்டுப் பல ஆண்டுகள் நின்றது. வாம்பனோவாக் வழித்தோன்றல்களும் பிற தொல்குடியினரும் 1970 முதல் இதே நாளில் பிளிமத்தில் கூடித் துக்கம் அனுசரித்து வருகின்றனர். மான்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

வியப்பு என்னவெனில், 1621 விருந்தை இரண்டு நூற்றாண்டுக் காலம் எவரும் பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை. 1841இல் அலெக்சாண்டர் யங் என்பவர் வின்ஸ்லோவின் கடிதத்தை மறுபதிப்புச் செய்தபோது, அதுவே முதல் நன்றி நவிலல் என்று ஓர் அடிக்குறிப்பில் எழுதினார். அந்த அடிக்குறிப்பிலிருந்து முளைத்ததுதான் இன்றைய தோற்றக்கதை. அடிக்குறிப்புகளை யாரும் படிப்பதில்லை என்று வருந்தும் ஆய்வாளர்கள் ஆறுதல் கொள்ளலாம்.

விருந்தின் உண்மையான தாய் வேறொருவர். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துச் சாரா ஜோசஃபா ஹேல் 1788இல் பிறந்தவர். 1822இல் கணவரை இழந்து, ஐந்து குழந்தைகளுடன் நின்று, எழுதிப் பிழைக்க முற்பட்டவர். 1827இல் வெளியான அவருடைய 'நார்த்வுட்' புதினத்தில் ஒரு கிராமத்து வீட்டின் நன்றி நவிலல் விருந்துக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. மேசையின் தலைமாட்டில் வறுத்த வான்கோழி. பிறகு வாத்துகள், இறைச்சித் துண்டங்கள், கோழி பை, ஊறுகாய் வகைகள், இறுதியில் பூசணி பை. இன்றைய விருந்தின் பட்டியலை ஏறக்குறைய முழுமையாக அதில் காணலாம். 1837 முதல் 1877 வரை நாற்பது ஆண்டுகள் 'கோடீஸ் லேடிஸ் புக்' என்ற பெண்கள் இதழின் ஆசிரியராக அவர் இருந்தார். அந்தக் காலத்திலேயே ஒன்றரை லட்சம் படிகள் விற்ற இதழ் அது. வட்டாரப் பழக்கமாக இருந்த இந்நாளை நாடு முழுவதற்கும் பொது விடுமுறையாக்க வேண்டுமெனத் தலையங்கம் எழுதினார். ஆளுநர்களுக்கும் அடுத்தடுத்து வந்த குடியரசுத் தலைவர்களுக்கும் கடிதம் எழுதினார். 1863 செப்டம்பர் 28 அன்று லிங்கனுக்கும் ஒன்று. ஐந்து நாட்களுக்குப்பின், அக்டோபர் 3 அன்று, லிங்கனின் அறிவிப்பு வந்தது. கெட்டிஸ்பர்க் களத்தில் பிணங்கள் விழுந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. பிளவுண்ட நாடு ஒரு நாளாவது ஒரே உணவை ஒரே வேளையில் உண்ணட்டும் என்ற ஹேலின் கனவை நாங்கள் எள்ளத் துணியமாட்டோம். ஆனால் நாட்டை ஒட்டவைக்கும் பணி அன்றுமுதல் சமையலறையின் தலையில் ஏறியது. (நவம்பரின் நான்காம் வியாழன் என்று நாளைச் சட்டமாக்கியது பிற்பாடு, 1941இல்.)

ஹேல் எழுதிய மேசைக்குப் பின்னால் எத்தனை கைகள் இருந்தன என்பதே இங்குப் பார்க்கவேண்டியது. அதற்குச் சான்று ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் 1869இல் வெளியிட்ட 'ஓல்டுடவுன் ஃபோக்ஸ்'. நீக்ரோ அடிமைகளின் துயரை 'அங்கிள் டாம்ஸ் கேபின்' வழியே உலகறியச் செய்த அதே ஸ்டோவ்தான். நியூ இங்கிலாந்துப் பண்ணை வீட்டில் இவ்விருந்துக்கு ஒரு வாரம் முன்பே வேலை தொடங்கிவிடுவதை அதில் அவர் விரிவாகச் சொல்கிறார். பிள்ளைகள் உட்கார்ந்து பைக்கான பூரணத்தைக் கொத்துகிறார்கள். பட்டையும் கிராம்பும் இடிக்கிறார்கள். உலர்திராட்சையில் விதை எடுப்பதும் அந்நாளில் கைவேலைதான். சுட்ட பைகளை வீட்டின் குளிர்ந்த அறையில் அடுக்கிவிட்டால் பனியில் உறைந்து குளிர்காலம் முழுவதும் கெடாமல் இருக்கும். பத்திரிகைகள் இன்று புதிய யோசனை போலத் தரும் 'முன்கூட்டியே செய்து உறையவைத்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரையை இயற்கையே அன்று இலவசமாக நிறைவேற்றிற்று. செங்கல் அடுப்பின் சூட்டை அளக்கக் கருவி கிடையாது. உள்ளே கையை நீட்டி, எவ்வளவு நேரம் பொறுக்க முடிகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். கடுமையான உழைப்புதான். ஆனால் பாட்டி, அத்தைகள், மணமாகாத மகளிர், பிள்ளைகள், பண்ணையாட்கள் என்று வீடே அதில் இறங்கியிருந்தது.

நகரத்து நடுத்தர வீடுகளில் அந்தக் கைகளின் இடத்தில் கூலிக்கு வந்தவர்கள் இருந்தனர். வடக்கே பெரும்பாலும் அயர்லாந்துப் பெண்கள். தெற்கே கறுப்பினப் பெண்கள், 1865க்கு முன்பு கூலிகூட இல்லாமல். இருபதாம் நூற்றாண்டில் இந்த ஏற்பாடு குலைந்தது. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பெண்களுக்கு வேறு வேலை தந்தன. 1924ஆம் ஆண்டுச் சட்டம் குடியேற்றத்தைக் கடுமையாகச் சுருக்கியது. கூட்டுவீடும் சிதறிப் புறநகரின் தனிவீடுகளாயிற்று. பாட்டி இல்லை, அத்தை இல்லை, பணிப்பெண் இல்லை. 1827ஆம் ஆண்டுப் பட்டியல் மட்டும் ஒரு பதார்த்தமும் குறையாமல் நின்றது. பத்துக் கைகளுக்காக எழுதப்பட்ட விருந்தை இரண்டு கைகள் செய்யத் தொடங்கின. எங்கள் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் துணிபு.

இந்த மாற்றத்தின் நடுவில் ஒரு சித்திரம் வந்து சேர்ந்தது. 1943 மார்ச் மாதம் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் நார்மன் ராக்வெல் வரைந்த 'ஃப்ரீடம் ஃப்ரம் வான்ட்'. வெள்ளை விரிப்பிட்ட மேசையைச் சுற்றிச் சிரித்த முகங்கள்; கவசத்துணி கட்டிய பாட்டி ஒரு பெரிய வான்கோழியை ஏந்தி மேசைமேல் வைக்கிறாள்; பின்னால் தாத்தா நிற்கிறார். குடும்ப விருந்து என்றால் இதுதான் என்று அமெரிக்கர் பலரின் மனத்தில் அது பதிந்துவிட்டது. பாட்டியாக அப்படத்தில் நின்றவர் ராக்வெல் வீட்டுச் சமையற்கார அம்மாள். அந்த வான்கோழியை உண்மையிலேயே சமைத்தவரும் அவரே. ஓவியர் பறவையை வரைந்து முடித்ததும் வீட்டார் அதை உண்டனர். சம்பளத்துக்குச் சமைத்தவர் படத்தில் பாட்டியாகிவிட, அந்தப் பாட்டியைப் போல நடந்துகொள்ளச் சம்பளமில்லாத பல லட்சம் இல்லத்தரசிகள் முயன்றார்கள்.

தொழிற்சாலைகள் உதவிக்கு வராமல் இல்லை. வெட்டினால் டின்னின் வளையங்கள் மாறாமல் தெரியும் கிரான்பெரி ஜெல்லி 1941இல் நாடெங்கும் கிடைத்தது. 1955இல் கேம்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் டார்கஸ் ரைலி, டின் சூப்பையும் பீன்ஸையும் கலந்து, மேலே பொரித்த வெங்காயம் தூவிச் சுடும் காசரோல் ஒன்றை உருவாக்கினார். ஆறே பொருட்கள், எந்த வீட்டிலும் இருப்பவை. 2018இல் அவர் காலமானபோது நாடெங்கும் இதழ்கள் இரங்கல் எழுதின, ஒரு காசரோலுக்காக. ஸ்டஃபிங்கை நிமிடக் கணக்கில் அடுப்பின்மேலேயே கிளறி எடுக்கும் பொட்டலம் 1972இல் விற்பனைக்கு வந்தது. ரொட்டித் தூள் எந்த அளவில் இருக்கவேண்டும் என்று கண்டறிந்த ரூத் சீம்ஸும் ஒரு மனையியலாளரே.

இவற்றுள் விசித்திரமானது ஸ்வான்சன் நிறுவனம் 1950களில் பரப்பிய 'டிவி டின்னர்'. மீந்துபோன டன் கணக்கான வான்கோழியைத் தீர்க்கவே அது பிறந்தது என்ற கதை பிரபலம். கண்டுபிடித்தவர் யார் என்பதில் வழக்கும் உண்டு. அது கிடக்கட்டும். அலுமினியத் தட்டில் மூன்று குழிகள். வான்கோழியும் ஸ்டஃபிங்கும் ஒன்றில், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றில், பட்டாணி ஒன்றில். விலை 98 சென்ட். மூன்றும் ஒரே நேரத்தில் சூடாக வேண்டும் என்ற சிக்கலைத் தீர்க்கப் பெட்டி குரோனின் என்ற நுண்ணுயிரியலாளர் உழைத்தார். வீட்டுக்கார அம்மாள் ஒவ்வொரு நவம்பரிலும் ஒற்றை ஓவனோடு மல்லுக்கட்டும் அதே சிக்கல்தான்! அறிவியல் அதைத் தீர்த்துவிட்டது. ஆனால் ஆளுக்கொரு தட்டாக.

இத்தனை வந்தும் வேலை ஏன் குறையவில்லை? ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற வரலாற்றாசிரியர் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. புதிய கருவிகள் பெரும்பாலும் ஆடவரும் பிள்ளைகளும் பணியாட்களும் செய்துவந்த பங்கை ஒழித்தன. தாயின் பங்கை அவை ஒழிக்கவில்லை, தரத்தின் அளவுகோலை உயர்த்தவும் செய்தன. விறகு பிளந்த கணவருக்கு எரிவாயு அடுப்பு விடுதலை தந்தது, அடுப்படியில் நின்றவளுக்குத் தரவில்லை. பதார்த்தத்துக்குப் பதார்த்தம் நேரம் மிச்சமாயிற்று. இன்னொரு ஜோடிக் கைகள் மட்டும் வரவில்லை. 1981இல் ஒரு வான்கோழி நிறுவனம் சந்தேகம் கேட்கத் தொலைபேசி இணைப்பு ஒன்றைத் தொடங்கி ஆறு மனையியலாளர்களை அமர்த்தியது. முதல் பருவத்திலேயே 11,000 அழைப்புகள். முன்பு பக்கத்தில் நின்ற பாட்டியிடம் கேட்டதை, இப்போது முகமறியாத ஒருவரிடம் கேட்டார்கள்.

ஒருத்தி மட்டும் உரக்கச் சொன்னாள். பெக் பிராக்கன் என்ற விளம்பர எழுத்தாளர் 1960இல் 'தி ஐ ஹேட் டு குக் புக்' என்றொரு சமையல் நூலை வெளியிட்டார். சமைக்கவே பிடிக்காதவர்களுக்கான சமையல் நூல்! முப்பது லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் பாட்லக் விருந்துக்கென்று ஓர் அதிகாரம் உண்டு. ஆளுக்கொரு பதார்த்தம் என்று பங்கிடும்போது ஆகச் சுலபமானதைத் தட்டிக்கொண்டு வருவது எப்படி என்று குறும்பாகப் பேசும் அதிகாரம். பாட்லக் என்ற சொல் பழையது. 1592இல் தாமஸ் நாஷின் எழுத்திலேயே உண்டு. எதிர்பாராமல் வந்தவருக்குப் பானையில் கிடைக்கும் அதிருஷ்டம் என்பதே அதன் முதற்பொருள். வந்தவர்கள் எல்லாரும் தத்தம் பானையோடு வருவது என்ற பொருள் பின்னர் ஏறியது. தேவாலயக் கூடங்களிலும் உழவர் சங்கங்களிலும் அது நெடுங்காலமாக நடந்துவந்தது. ஆனால் ஹேலின் மேசையைப் பார்த்து வளர்ந்த வீட்டுக்காரிக்கு, நன்றி நவிலல் நாளன்று விருந்தினரிடம் "நீங்கள் ஏதேனும் கொண்டு வாருங்கள்" என்று சொல்வது தோல்வியை ஒப்புக்கொள்வது போலிருந்தது. 1621இன் ஐந்து மான்கள் யாருக்கும் நினைவில் இல்லை.

அந்தக் கூச்சத்தை உடைத்தவர்கள் இளையவர்கள். ஊருக்குப் போக முடியாதவர்கள் நண்பர்களோடு கூடி உண்ணும் விருந்துக்கு 'ஃப்ரெண்ட்ஸ்கிவிங்' என்ற சொல் 2007 வாக்கில் எழுத்தில் தலைகாட்டியது. 2020இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதியும் அதை ஏற்றது. அங்கே பாட்டியின் இடத்தில் எவரும் இல்லை. வான்கோழி ஒருவர் பொறுப்பு, கிழங்கு இன்னொருவர் பொறுப்பு. அமெரிக்கத் தமிழர் வீடுகளிலும் இதுவே வழக்கம் என்று எங்கள் நண்பர்கள் சொல்கிறார்கள். தீபாவளி ஒன்றுகூடலாயினும் நவம்பர் விடுமுறையாயினும் அலுமினியத் தட்டுகளில் புளியோதரையும் வடையும் பிரியாணியும் வந்து இறங்கும். யார் எதைக் கொண்டுவருவது என்று முந்தின வாரமே பட்டியல் சுற்றும். தயிர்ச்சாதத்துக்கு மட்டும் எப்போதும் மூன்று பேர் பெயர் கொடுத்திருப்பார்கள்.

ஒஹாயோ நண்பர் அடுத்த ஆண்டும் அதே வீட்டுக்கு அழைக்கப்பட்டார். இம்முறை அம்மையாரின் மகள் முன்கூட்டியே எல்லாருக்கும் வேலை பிரித்து எழுதி அனுப்பியிருந்தாள். புதிதாக வந்த இந்தியரிடம் என்ன கேட்பது என்று தெரியாமலோ என்னவோ, இவருக்குப் பனிக்கட்டி வாங்கிவரும் பொறுப்பு. இரண்டு மூட்டை வாங்கிப் போனாராம். அம்மையார் அன்று மேசையில் அமர்ந்து, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்டார். மகன் சமைத்த வான்கோழி சற்று உலர்ந்திருந்தது என்பதையும் நண்பர் சொல்லாமல் விடவில்லை.